டாங்கன்ரோன்பா அனிமேய ஃப்ரெண்டுக்கு காட்டலாமா?

ப்ரோ, கேமை உசுரா விளையாடிட்டு அனிமே நாலு எபிசோடுலயே வெறுத்துப்போச்சு, கேம் தொடாத ஃப்ரெண்டுக்கு இதையாவது காட்டலாமான்னு கேட்டிருக்கீங்க, தயவுசெஞ்சு வேணாம். டாங்கன்ரோன்பாங்கிறது ஸ்கூல்ல அடைபட்ட பசங்களுக்குள்ள நடக்கற கொலைகளை யார் செஞ்சாங்கன்னு கண்டுபிடிக்கற ஜப்பான் கேம். 2010ல வந்த முதல் கேம்ல விசாரணைதான் உயிரே, ஒருத்தர் பேசுற வரி ஸ்க்ரீன்ல ஓடும்போதே எங்க இடிக்குதுன்னு நாமளே புடிச்சு ஆதாரத்தை புல்லட்டா சுடணும், அந்த படபடப்பு இருக்கே! 2013 அனிமேல அத்தனை கேஸையும் 13 எபிசோடுல திணிச்சதால நாம யோசிக்கறதுக்குள்ள ஹீரோ மகோட்டோ விடைய சொல்லிடுறான், செத்தவங்க மேல பாசம் வரவே நேரமில்ல. நீங்க விளையாடுங்க, ஃப்ரெண்டு பக்கத்துல உக்காந்து கொலையாளி யாருன்னு சொல்லட்டும், மொபைல்லயும் கேம் இருக்கு. 2016ல வந்த டாங்கன்ரோன்பா 3 அனிமே புது கதை, ஆனா ரெண்டாவது கேமும் முடிச்சிட்டு பாருங்க, இல்லன்னா ட்விஸ்ட் எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிடும்.