பால் குடுக்கிற தாய் மூலிகை டீ குடிக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் ஹட்டன் பக்கம் தோட்டத்துல இருக்கேன், புள்ளைக்கு ரெண்டு மாசம், தாய்ப்பால் மட்டும்தான். மாமி தினம் வெந்தயத் தண்ணி குடுக்கிறாங்க, சளி புடிச்சா கொத்தமல்லி இஞ்சி அவிச்சி தருவாங்க. இப்ப நாத்தனா கொழும்புல இருந்து வயிறு குறையும்னு ஒரு மூலிகை டீ பக்கெட் கொண்டாந்திருக்கா. இதெல்லாம் குடிக்கலாமா? புள்ளைக்கும் ஒரு கரண்டி கொத்தமல்லித் தண்ணி குடுக்கச் சொல்றாங்க.

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த பக்கெட்ட எடுத்து ஒதுக்கி வைங்க. வயிறு குறைக்கிற டீயில நெறைய நேரம் நிலாவரை இருக்கும், சென்னான்னும் போட்டிருப்பாங்க, அது பேதி மருந்து, உடம்புல இருந்து தண்ணிதான் போகும், கொழுப்பு கரையாது, பால் குடுக்கிற நேரத்துல உங்களுக்கு தண்ணிதான் ரொம்ப வேணும். சிலதுல என்ன கலந்திருக்குன்னே எழுதியிருக்காது, அது இன்னும் பயம்.

மாமி தர்ற கொத்தமல்லி, இஞ்சி சமையல்ல போடுற அளவுல ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு கப் குடிக்கலாம், பயப்படாதீங்க. வெந்தயம் கொஞ்சம் கவனமா. அது ரத்தத்துல இருக்கிற சீனிய குறைக்கும், அதனால சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவங்களும், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடுறவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம குடிக்கக்கூடாது. கடலை ஒத்துக்காதவங்களுக்கு வெந்தயமும் ஒத்துக்காம போகலாம். புள்ளைக்கு வயித்தால போனா, வாயு புடிச்சி அழுதா நிப்பாட்டிப் பாருங்க. பால் கூடணும்னுதான் மாமி தர்றாங்க, அந்த அக்கறை எனக்கு புரியுது, ஆனா பால் ஊறுறது புள்ள உறிஞ்ச உறிஞ்சத்தான், ராத்திரியிலயும் குடுங்க, கிளினிக்ல தர்ற திரிபோஷா சத்துமாவ நீங்களே சாப்பிடுங்க, வீட்டுல எல்லாருக்கும் பங்கு போட்டுடாதீங்க.

மூலிகைன்னா கெடுதலே இல்லன்னு நெனைக்கிறது சரியில்ல. 1994ல ஒரு மருத்துவ சஞ்சிகையில ரெண்டு பச்சப் புள்ளைங்களப் பத்தி வந்திச்சி, தாய்மார் பால் கூடணும்னு அதிமதுரம், பெருஞ்சீரகம் எல்லாம் கலந்த டீய தினம் 2 லீட்டருக்கு மேல குடிச்சிருக்காங்க, புள்ளைங்க துவண்டு போய், வாந்தி எடுத்து, பால் உறிஞ்சவும் தெம்பில்லாம போயிட்டாங்க. டீய நிப்பாட்டினதும் தேறிட்டாங்க. அளவு மீறினதுதான் அங்க வினை. அதிமதுரம் பிரஷரையும் கூட்டும், பிரஷர் இருக்கிறவங்களுக்கு அது வேணவே வேணாம்.

கிரீன் டீய மூலிகைன்னு நெனச்சி நெறைய பேர் குடிக்கிறாங்க, அதுவும் நம்ம பறிக்கிற கொழுந்துதான், காஃபின் இருக்கு. ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்லன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை சொல்லுது, அதாவது சாயம் கடுமையில்லாத பிளேன்டீ மூணு நாலு கப். பொறந்த புள்ளையோட உடம்புல இருந்து காஃபின் பாதி குறையவே 3 நாள் ஆகலாம், மாசம் போகப் போகத்தான் சீக்கிரம் வெளியேறும், அதனால புள்ள தூங்காம முரண்டு புடிச்சா ஒரு கப்ப குறைங்க. இரும்புச்சத்து குளிசை போட்டா உடனே தேத்தண்ணி குடிக்காதீங்க, ஒரு மணித்தியாலமாவது விடுங்க.

புள்ளைக்கு கொத்தமல்லித் தண்ணி வேணாம், ஒரு கரண்டியும் வேணாம். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், சுடு தண்ணியும் கூட தேவையில்ல. புள்ளைக்கு சளியோ வயித்து வலியோன்னா மிட்வைஃப் வீட்டுக்கு வர்ற நாள் வரைக்கும் காத்திருக்காம கிளினிக்குக்கு தூக்கிட்டுப் போங்க, போகும்போது அந்த டீ பக்கெட்டையும் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க.