மூட்டம் விழுந்த ‘உல்திமா தூலே’ தம்ளர்கள்

கேள்வி: பின்லாந்தின் எஸ்போவில் வசிக்கிறேன். ஹெல்சின்கியில் ஹியெதலஹ்தி பழைய பொருள் சந்தையில், பனிக்கட்டி உருகி வழிவதுபோன்ற மேற்பரப்புடைய ஆறு தம்ளர்களை வாங்கினேன். ‘உல்திமா தூலே’, அறுபதுகளில் செய்தவை என்றார் விற்றவர். அடியில் கையொப்பம் இல்லை. ஆறும் ஒரே உயரத்தில் இல்லை. கழுவிக் காயவைத்ததும் இரண்டில் வெண்மூட்டம் தெரிகிறது. இவை போலியா? மூட்டத்தைப் போக்க முடியுமா?

பதில்: உயரம் சற்று மாறுவது குறையல்ல. ஈத்தலா கண்ணாடி ஆலைக்காக தாபியோ விர்க்கலா 1968இல் வடிவமைத்த இத்தம்ளர்கள், அச்சுக்குள் ஊதிச் செய்யப்படுபவை. ஊதிய பொருளில் கனமும் உயரமும் இழையளவு மாறத்தான் செய்யும். லாப்லாந்தில் பனி உருகும் காட்சியே அவருக்குத் தூண்டுகோல். 1969இல் பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்ஏரின் நியூயார்க் விமானங்களில் இவற்றில்தான் பானம் பரிமாறினார்கள்.

கையொப்பமும் பொருட்டல்ல. இன்னொரு ஈத்தலா வடிவமைப்பாளரான திமோ சார்பனேவாவின் ‘ஃபின்லாந்தியா’ பூச்சாடிகளில் பெயர் பொறித்திருப்பதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் அதைத் தேடுகிறார்கள். அன்றாடத் தம்ளர்களில் பெரும்பாலும் ஒட்டுவில்லை மட்டுமே இருந்தது. அது சில கழுவலில் போய்விடும்.

விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே உள்ள மேடுபள்ளம் உள்ளேயும் மெல்லிய அலையாகத் தட்டுப்பட்டால் ஊதியது. உட்புறம் முற்றிலும் வழவழப்பாக இருந்தால், பெரும்பாலும் உலக்கை இறக்கி அழுத்திச் செய்தது. அழுத்திச் செய்தது என்றாலே தரம் குறைந்தது என்று எண்ண வேண்டாம். ஓய்வா தொய்க்கா வடிவமைத்த ‘கஸ்தெஹெல்மி’ கண்ணாடி வரிசை (1964) அப்படிப்பட்டதுதான்; அதன் பனித்துளி வரிசைகள் அச்சின் இணைப்புக் கோடுகளை மறைப்பதற்காகவும் வந்தவை. ஆனால் உல்திமா தூலே தம்ளர் என்று விற்றால் உள்ளே அலை இருக்க வேண்டும்.

‘அறுபதுகள்’ என்பதை மட்டும் நம்பாதீர்கள். இந்த வரிசை பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து தயாரிக்கப்பட்டு வருகிறது. ஈத்தலாவின் சிவப்பு ‘ஐ’ (i) ஒட்டுவில்லையும் 1956 முதல் மிக நீண்ட காலம் புழக்கத்தில் இருந்தது. வில்லை, வடிவம் இரண்டையும் மட்டும் வைத்து ஆண்டு சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

மூட்டம்தான் உண்மையான சிக்கல். சுண்ணாம்புப் படிவா, கண்ணாடியே அரிக்கப்பட்டதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வெதுவெதுப்பான நீரில் பாதிக்குப் பாதி வெள்ளை வினிகர் கலந்து, தம்ளரை ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பல்துலக்கியால் பள்ளங்களைத் தேய்த்துக் காயவைத்துப் பாருங்கள். போய்விட்டால் சுண்ணாம்பு. ஆனால் ஹெல்சின்கி வட்டாரக் குழாய் நீர் பைய்யன்னே ஏரியிலிருந்து வருவது, சுண்ணாம்பு குறைந்த மென்னீர். ஆகவே அரிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வெப்பமும் அதில் போடும் சோப்பின் காரமும் கண்ணாடியின் மேற்தோலைத் தின்றுவிடுகின்றன; மென்னீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். அந்தக் கண்ணாடி மறுபடி தெளியாது. மெருகேற்றித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள்: மூட்டத்தோடு சேர்ந்து அந்தப் பனிவழிவும் மழுங்கிவிடும். அந்த இரண்டையும் மெழுகுவத்திக்கோ பேனாவுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கையும் கையால் மட்டும் கழுவுங்கள், கொதிநீர் வேண்டாம்.

இன்னொன்று: அரித்த கண்ணாடி ஈரத்திலும் எண்ணெய்ப் பூச்சிலும் பளிச்சென்று தெரியும். சிலர் லேசாக எண்ணெய் தடவியே கடைவிரிக்கிறார்கள். அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது உலர்ந்த பருத்தித் துணியும் எடுத்துச் செல்லுங்கள். அழுந்தத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகு விலை கேளுங்கள்.