இரண்டு வேலை, இரண்டு ஃபார்ம் 16: பிடிக்காமல் விட்ட 97,500 ரூபாய்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மாதம் 75,000 ரூபாய். அதோடு ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டின் முன்பதிவையும் கணக்கையும் மாலையிலும் சனி, ஞாயிறிலும் பார்த்துக்கொள்கிறேன். அங்கே மாதம் 50,000 சம்பளம். 2025 ஏப்ரலிலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. இரண்டு இடத்திலும் "உங்களுக்கு வரி வராது" என்று சொல்லி ஒரு ரூபாய்கூடப் பிடிக்கவில்லை. இப்போது ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் 97,500 ரூபாயும் வட்டியும் கட்டச் சொல்கிறது. இது சரியா? தப்பு யார் மேல்? ஒரே தடவையில் கட்ட என்னிடம் பணம் இல்லை. பெங்களூரு ஆபீஸுக்கு இரண்டாவது வேலை பற்றித் தெரியாது, அந்தப் பயம் வேறு.
வாசகி, சேலம்

பதில்: கணக்கு சரிதான். நீங்கள் எதையும் மறைக்கவில்லை, சம்பளம் கொடுத்தவர்களும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பங்கை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டதுதான் சிக்கல்.

2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி போக வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலையான கழிவு 75,000. பெங்களூரு நிறுவனம் உங்கள் 9 லட்சத்தில் 75,000 கழித்தது, 8,25,000 வந்தது, வரி இல்லை என்றது. ரிசார்ட்டும் 6 லட்சத்தில் அதே 75,000-ஐக் கழித்து அதையேதான் சொன்னது. ஆனால் அந்தக் கழிவும் 12 லட்ச வரம்பும் ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான். உங்கள் மொத்தச் சம்பளம் 15 லட்சம். 75,000 கழித்தால் 14,25,000. இதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மிச்சம் இருக்கும் 2,25,000-க்கு 15 சதவீதம், 33,750. ஆக 93,750. அதன் மேல் 4 சதவீத செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) 3,750 சேர்ந்து 97,500.

12 லட்சத்தை ஒரு ரூபாய் தாண்டினாலும் முழுத் தள்ளுபடியும் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சற்றே தாண்டியவர்களுக்கு விளிம்பு நிவாரணம் உண்டு. உங்கள் இரண்டாவது சம்பளம் மாதம் 35,000-ஆக இருந்திருந்தால் வரிக்குரிய வருமானம் 12,45,000. அதற்கு வழக்கமான வரி 66,750. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் வந்த தொகையே 45,000 என்பதால் வரியும் 45,000-க்கு மேல் போகாது. செஸ்ஸோடு 46,800. உங்கள் வருமானம் அந்த விளிம்பைத் தாண்டிவிட்டதால் இது உங்களுக்குக் கிடைக்காது.

வட்டிதான் உங்களுக்குப் புதிராக இருக்கும். டிடிஎஸ் (சம்பளம் தரும்போதே முதலாளி பிடிக்கும் வரி) போக ஒரு ஆண்டில் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வருமானால், அதை ஆண்டு முடியுமுன்பே முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக டிடிஎஸ்ஸே இதைப் பார்த்துக்கொள்வதால் இந்தத் தேதிகள் பலருக்குத் தெரிவதே இல்லை. நான்கு தவணையும் தவறியதற்கு 234சி பிரிவில் உங்களுக்கு வரும் வட்டி சுமார் 4,920. அதோடு 234பி பிரிவில், ஏப்ரல் 1 முதல் கட்டும் நாள் வரை மாதம் 1 சதவீதம். மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதக் கணக்கு. ஜூனில் கட்டினால் மூன்று மாதத்துக்கு 2,925. மொத்தத்தில் ஜூனுக்குள் என்றால் 1,05,345 ரூபாய் அளவில் முடியும். ஜூலைக்குப் போனால் இன்னும் 975 ஏறும்.

பணம் முழுவதும் கையில் இல்லை என்கிறீர்கள். பரவாயில்லை, இதை இரண்டு மூன்று சலானாகப் பிரித்தும் கட்டலாம். ஜூனில் 60,000 கட்டுங்கள். அது முதலில் வட்டிக்குப் போய், மிச்சம் வரியில் கழியும். அப்புறம் சுமார் 45,000 பாக்கி நிற்கும். அதை ஜூலையில் தீர்த்தால் கூடுதல் வட்டி 450 ரூபாய் போல்தான் வரும். ஜூலை 31-க்குள் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். அந்தத் தேதி தவறினால் 5,000 தாமதக் கட்டணம், அதோடு 234ஏ பிரிவில் இன்னொரு 1 சதவீத மாத வட்டி. கிரெடிட் கார்டில் தேய்த்து, அந்தப் பாக்கியை மாதாமாதம் உருட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். மாதம் 1 சதவீதத்தில் நிற்கும் கடனைப் பல மடங்கு வட்டிக்கு மாற்றிக்கொள்வது அது. அப்படியும் ஏதாவது பாக்கி நின்று, கோரிக்கை நோட்டீஸ் வந்தால், தவணை கேட்டு மதிப்பீட்டு அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற எதற்கும் காந்தி ரோடு வருமான வரி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை, எல்லாம் இணையத்திலேயே முடியும்.

கட்டும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வருமான வரித் தளத்தின் இ-பே டாக்ஸ் பகுதியில் 'செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ் 300' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு: மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் 'வரி ஆண்டு 2026-27' என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டு. போன ஆண்டின் வருமானத்துக்கு 1961 சட்டப்படி 'மதிப்பீட்டு ஆண்டு 2026-27'. எண் ஒன்றாக இருப்பதால் அவசரத்தில் மாற்றிக் கட்டிவிட வாய்ப்பு அதிகம். பணம் தவறான ஆண்டுக்குப் போனால், நீங்கள் கட்டியும் கட்டாத மாதிரியே இருக்கும். கட்டி முடித்ததும் சலானில் உள்ள பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), தேதி, வரிசை எண் மூன்றையும் ரிட்டர்னில் ஏற்றுங்கள்.

உங்களுக்கு வேறு வருமானச் சிக்கல் எதுவும் இல்லையென்றால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் போதும். இரண்டு முதலாளிகளையும் அதிலேயே காட்டலாம். முன்கூட்டியே நிரப்பப்பட்டு வரும் படிவத்தில் சில சமயம் ஒரு சம்பளம்தான் இருக்கும். இரண்டாவதை நீங்களே சேர்க்க வேண்டும். வரி பிடிக்கவில்லை என்று ரிசார்ட்டில் ஃபார்ம் 16 (முதலாளி தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) தரவில்லையென்றால் ஆண்டுச் சம்பளச் சான்று கேட்டு வாங்குங்கள், வங்கிக் கணக்கோடும், வருமான வரித் தளத்தில் உங்கள் வருமான விவரம் பதிவாகியிருக்கும் ஏஐஎஸ் அறிக்கையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரிசார்ட் உங்களுக்குத் தருவது சம்பளமா, தொழில்முறைக் கட்டணமா என்பதையும் அதிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டணம் என்று காட்டியிருந்தால் ஐடிஆர்-1 செல்லாது, மேலே போட்ட கணக்கும் மாறும். எது எப்படியானாலும் இரண்டாவது வருமானத்தை விட்டுவிட்டு ரிட்டர்ன் போடும் யோசனைக்கு இடமே கொடுக்காதீர்கள். தவறான தகவல் தந்ததாக முடிவானால் அபராதம் அந்த வரியைப் போல் இரு மடங்கு.

பழைய வரி முறைக்கு மாறினால் குறையுமா என்று அடுத்து கேட்பீர்கள். உங்கள் வருமானத்தில், அங்கே கிடைக்கும் 50,000 நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5,44,000 அளவுக்குக் கழிவு இருந்தால்தான் வரி சமமாகவே வரும். சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான 80சி பிரிவில் ஒன்றரை லட்சம், வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் இரண்டையும் முழுதாகக் காட்டினாலும் எட்டாது. அதனால் புதிய முறையிலேயே இருங்கள். மாநகராட்சிக்குப் போகும் தொழில் வரியையும் புதிய முறையில் கழிக்க முடியாது.

இனி இந்த ஆண்டைப் பார்ப்போம், ஏனென்றால் இப்போதும் அதே இரண்டு சம்பளம் ஓடுகிறது, அதே வரி மறுபடியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் மற்றொரு சம்பளத்தை ஏதாவது ஒரு முதலாளியிடம் எழுத்தில் கொடுத்தால், அவர் இரண்டையும் கூட்டி மாதாமாதம் பிடிப்பார். இது நாள் வரை அதற்கு ஃபார்ம் 12பி என்று பெயர். புதிய சட்டத்தில் படிவ எண்கள் மாறியிருப்பதால், 'மற்ற வேலையின் சம்பள விவரப் படிவம்' என்று கேளுங்கள். இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஆண்டின் பிற்பாதியில் கொடுத்து, மிச்ச மாதங்களில் பிடித்தாலும், அந்த டிடிஎஸ் முழுவதும் உங்கள் வரியில் கழிந்துவிடும், தவணை தவறிய வட்டி அந்த அளவுக்கு வராது.

உங்கள் விஷயத்தில் அந்தப் படிவத்தை ரிசார்ட்டில் கொடுங்கள், பெங்களூரில் வேண்டாம். ரிசார்ட்டில் உங்கள் முதல் வேலையைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருக்கும். எந்த முதலாளியிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரிச் சட்டத்தில் இல்லை. சொல்லாவிட்டால் நீங்களே நான்கு தவணையையும் கட்ட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் ரிட்டர்ன் ஆபீஸுக்குப் போவதில்லை. ஆனால் பணி நியமனக் கடிதத்தில் வேறு வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் படித்துவிடுங்கள். அது வரி விஷயம் இல்லை, ஆனால் அதில் வேலையே போகலாம் என்பதால் சொல்கிறேன்.

ஏற்காட்டுப் பக்கம் சொந்தமாகக் காப்பி, மிளகுத் தோட்டம் வைத்துக்கொண்டு சம்பளமும் வாங்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், அது 5,000-ஐத் தாண்டினால் உங்கள் சம்பளத்துக்கான வரியைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்தே விகிதம் பார்ப்பார்கள், ஐடிஆர்-1-உம் போட முடியாது. காப்பியை நீங்களே பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம். வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம்.

2024-25-லும் இப்படி இரண்டு சம்பளம் வாங்கி, ஒன்றை மட்டும் காட்டியவர்கள் இருந்தால், திருத்த இன்னும் வழி இருக்கிறது. ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். 2027 மார்ச் 31-க்குள் போட்டால் வரி, வட்டியோடு அதன் மேல் 25 சதவீதம் கூடுதல். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டால் அது 50 சதவீதமாகிவிடும்.