முரசு நோய்க்கு வைத்தியம் செய்த பிறகும் பல் விழுமா?

முரசு (பல் ஈறு) வருத்தத்துக்கு ஆழமாகக் கிளீன் பண்ணி முடிந்தாச்சு, இனிப் பல் விழாதுதானே, விழுமென்றால் யாருக்கு விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். விழலாம், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. நான் சம்மாந்துறை, பல் வைத்தியர் கிடையாது, வாப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஆள், அங்கே கேட்டதும் பிறகு வாசித்ததும்தான் இது.

முதலில் பார்க்க வேண்டியது வைத்தியத்துக்குப் பிறகு மிஞ்சிய ஆழம். பல்லுக்கும் முரசுக்கும் நடுவில் மெல்லிய கோலை விட்டு அளந்து "மூன்று, மூன்று, ஆறு" என்று டொக்டர் சொல்லச் சொல்ல நர்ஸ் எழுதுவார். 3 மில்லிமீற்றர் என்றால் பயமில்லை. 6 அல்லது அதற்கு மேல் நின்றால், அதிலும் கோல் பட்டதும் இரத்தம் வந்தால், அந்தப் பல்லைக் கவனிக்க வேணும், அவ்வளவு ஆழத்துக்கு எந்த பிரஷும் போகாது. பெரும்பாலும் கடைவாய்ப் பல்தான் முதலில் போகும். அதற்கு இரண்டு மூன்று வேர், வேர் பிரிகிற கவட்டு வரைக்கும் எலும்பு கரைந்துவிட்டால் அந்த இடுக்கைத் துப்புரவாக்க டொக்டருக்கே கஷ்டம். வாப்பாவுக்குப் போனதும் மேல் கடைவாய்ப் பல் ஒன்று. முன்பற்களில் வேர் கொஞ்சம் தெரிந்தாலும் அசையாமல் நிற்கின்றன. வீக்கம் வற்றினால் பல் நீண்டது போல் தெரிவது வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் சிகரெட். புகைக்கிறவருக்கு முரசில் இரத்தம் குறைவாகத்தான் வரும், அதனால் நோய் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருப்பார்கள், உள்ளே எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் முரசுக்குக் கூடாது, அதை நம்மட ஊர் ஆட்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சீனி வருத்தம் இருந்தால் எச்பிஏ1சி (கடைசி இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போர்ட்டைப் பல் கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு முரசு ஆறுவதே மெதுவு. வயதும் சேரும், அதற்கு ஒன்றும் செய்யேலாது.

இத்தனையிலும் நம்மட கையில் இருப்பது திரும்பப் போவது. 3 மாதத்துக்கொரு தரம் வரச் சொல்வார்கள், நோவு இல்லை, வேளாண்மை வெட்டு வந்துவிட்டது என்று ஒரு தவணையை விட்டால் அடுத்ததும் தானாக விடுபடும். அமெரிக்காவில் 600 பேரைச் சராசரியாக 22 வருடம் தொடர்ந்து பார்த்து 1978இல் வெளியிட்ட ஆய்வில், விடாமல் பராமரிப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு முரசு நோயால் ஒரு பல்லும் போகவில்லை. நாலைந்து சதவீதம் பேருக்கு மட்டும் பத்தும் அதற்கு மேலும் போயிருக்கிறது, அதாவது ஒழுங்காகப் போனாலும் சிலருக்கு விழத்தான் செய்யும்.

அடுத்த முறை போகும்போது எந்தப் பல்லில் 6 நிற்குது, எதில் கவடு திறந்திருக்குது என்று கேட்டு போனில் எழுதி வையுங்கள். அந்த இடத்துக்கு எந்த அளவு இடைப்பல் பிரஷ் என்பதையும் அங்கேயே காட்டச் சொல்லுங்கள், பார்மசியில் போய் நின்று யோசித்தால் பிடிபடாது.