கூச்சமும் குளத்துக்கரையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு வணக்கம்.

வயது 26. வீரவநல்லூர்க்காரன். ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். சிறு வயதிலிருந்தே நாலு பேர் கூடிய இடம் எனக்கு ஆகாது. கல்யாண வீட்டில் கை கழுவியதும் செருப்பைத் தேடுவேன். வீட்டில் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைப் பார்த்தபடி படுத்திருக்கிறேன். சாயங்காலம் தலை கனத்துப்போகிறது. ‘நாலு பேரோடு பழகு, சரியாகிவிடும்’ என்கிறார் மாமா. யாரிடமும் பேசாமல், தனியாக, மனத்துக்கு இதமாகச் செய்ய ஏதாவது பொழுதுபோக்கு உண்டா? அப்படி ஒதுங்குவது ஓடி ஒளிவது ஆகுமா? என் பெயர் வெளியே வர வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஆகாது. நீங்கள் ஒளிந்துகொண்டிருப்பது போனுக்குள். அங்கிருந்து வெளியே வரக் கல்யாண வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, குளத்துக்கும் போகலாம்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பிறந்தவர் நீங்கள். கால்வாய்த் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து குளங்கள் பெருகிக் கிடக்கிற காலம் இது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குளம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே போதும். விடியும்போது மடைக்குப் பக்கத்தில், கரைச் சரிவில் போய் உட்காருங்கள்.

முதலில் ஆள்காட்டிக் குருவி உங்களைக் காட்டிக்கொடுக்கும். கத்திக் கத்திக் குளம் முழுக்கச் சொல்லிவிடும். நமக்கு அது பழகிய வேதனை: நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது. எழுந்து வந்துவிடாதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதுவே அடங்கும். பிறகு குளம் உங்களை மறந்துவிடும். அந்த நேரத்தை நான் வார்த்தையில் சொல்லித் தர முடியாது. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நாமக்கோழிகள் நடுக்குளத்திலிருந்து கரைப்பக்கம் வரும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைக்கும். நாணலுக்குள்ளிருந்து நீலத்தாழைக்கோழி நீண்ட விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து நடந்து வரும்.

நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது முக்குளிப்பான். கையளவுப் பறவை. பார்க்கிறோம் என்று தெரிந்தால் தண்ணீருக்குள் போய்விடும். எங்கே எழும்பும் என்று சொல்லவே முடியாது. எனக்குப் பதினேழு வயதில், பள்ளி மேடையில் பேச ஏற்றிவிட்டார்கள். ஒரு சொல் வரவில்லை. அப்படியே நின்றேன். ஓர் ஆசிரியர் ஒலிபெருக்கியிலேயே அதைக் கேலி செய்தார். மறுநாள் காலை, தெருவில் யார் முகத்திலும் விழிக்கக் கூடாது என்று குளத்துக்கரை வழியாகப் போனேன். அன்றுதான் முக்குளிப்பானை நின்று பார்த்தேன். அதன் கூடு பாசியாலும் களையாலும் ஆனது, தண்ணீர்மேலேயே கிடக்கும். கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைகளைக் களையை இழுத்துப் போட்டு மூடிவிட்டுப் போகிறது. திரும்பி வந்து, விலக்கிவிட்டு உட்காருகிறது. குஞ்சுகள் பொரிந்ததும் முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிறது. அந்தக் கூட்டுக்காக மூன்று வாரம் தினமும் போனேன். என்னை யாரும் எதுவும் கேட்காத இடத்தில், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்: ஏன் மூடுகிறது, எப்போது திறக்கும், எத்தனை குஞ்சு?

வேண்டிய பொருட்கள் கொஞ்சம்தான். ஒரு நோட்டு, பென்சில். இரண்டு மாதம் கழித்தும் ஆசை நிலைத்தால் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை உள்ள பைனாகுலர் வாங்குங்கள். கேமரா இப்போது வேண்டாம். படம் எடுத்தால் யாருக்காவது அனுப்பத் தோன்றும், அனுப்பினால் யார் பார்த்தார்கள் என்று போனை எடுப்பீர்கள். நோட்டில் தேதி, நேரம், எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் வரையுங்கள்.

எழுதுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர் மா. கிருஷ்ணன். கூட்டம் சேர்க்காமல் காட்டிலும் வெட்டவெளியிலும் பார்த்ததை எழுதி, தானே படமும் வரைந்து, ‘தி ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996இல் இறக்கும் வரை தொடர் பத்தியாகத் தந்தார். காகமும் அணிலும்கூட அவருக்கு விஷயம்தான்.

தை பிறந்ததும் ஒரு நாள் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போய்வாருங்கள். 1994இல் சரணாலயம் ஆனது. பிறகு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அறிவிப்புப் பலகைகளுக்கு முன்பே அந்த ஊர் மக்கள் பறவைகளைக் காத்தவர்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காதவர்கள். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து அங்கே இறங்கும். தலையில் இரண்டு கறுப்புக் கோடு. ஊருக்குள்ளேயே, வீட்டு முன்னால் நிற்கும் மரத்தில், மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். குஞ்சுகள்தான் இரைக்குக் கத்தும். வளர்ந்த நாரை ஏறக்குறைய ஊமை. அலகோடு அலகைத் தட்டித்தான் துணையிடம் பேசும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து, ஊமைக்கோட்டான் என்ற பெயரைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

பொழுது சாய்ந்தபின் ஏதாவது வேண்டுமென்றால், மாசி மாதத்தில் இரவு எட்டரை மணிக்கு மொட்டை மாடியில் தெற்கே பாருங்கள். உயரத்தில் நட்சத்திரங்களிலேயே பிரகாசமான சிரியஸ். அதற்கு நேர் கீழே, அதற்கு அடுத்த பிரகாசத்தில், அகத்திய நட்சத்திரம். லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. பொதிகைக்குப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு மாடிப்படி ஏறினால் போதும்.

கூச்சம் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு இன்னும் போகவில்லை. ஒன்று மட்டும் நடந்தது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பல நாள் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு காலை பக்கத்தில் வந்து குந்தினார். இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ‘அது அந்தக் கோரைக்குப் பின்னால போயிருக்கும்’ என்றார். பேச்சு வந்தது, எனக்கே தெரியாமல். முகத்துக்கு முகம் இல்லாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவது நம்மைப் போன்றவர்களுக்கு எளிது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள், அல்லது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கரைக்குக் கூட்டிப் போங்கள்.

பங்குனியில் குளம் வற்றும். உங்கள் முக்குளிப்பான் எந்தத் தேதிவரை இருந்தது என்று நோட்டைப் பார்த்து எழுதுங்கள். பெயரை வெளியிட மாட்டேன்.