கவுக்க மட்டும் மெஜாரிட்டி இருக்கு

கேள்வி: தேர்தல்ல எந்தக் கட்சிக்கும் மெஜாரிட்டி வரலன்னா சபையில ஒரு மசோதாவும் நகர மாட்டேங்குது, பட்ஜெட்டே தொங்குது. பேசாம முதல் இடத்துல வர்ற கட்சிக்கு கொஞ்சம் சீட்டை போனஸா கொடுத்து ஆள விட்டுட்டா என்ன சார்?

பதில்: கொடுத்துப் பாத்துட்டாங்க. கிரீஸ்ல 300 சீட்டு, முதல்ல வர்ற கட்சிக்கு 50 சீட்டு போனஸ்னு சட்டமே இருந்துச்சு. 2012 மே தேர்தல்ல முதல்ல வந்த கட்சிக்கு நூத்துக்கு 19 ஓட்டுகூட முழுசா விழல, போனஸையும் சேத்து 108 சீட்டுதான், ஆட்சிக்கு 151 வேணும். யாரும் யாரோடயும் சேரல, அடுத்த மாசமே மறுபடி தேர்தல், அப்புறம் மூணு கட்சி சேந்துதான் ஆட்சி அமைஞ்சுது. நூத்துல எண்பது பேருக்கு மேல வேற ஆளுக்கு ஓட்டுப் போட்டிருக்கும்போது மிச்சம் இருக்கறவங்க கட்சிகிட்ட சபையவே தூக்கிக் கொடுங்கன்னு கேக்கறீங்களே, அத என்னால ஒத்துக்கவே முடியாது.

மெஜாரிட்டி இல்லாததாலதான் சபை முடங்குதுன்னு நெனக்கிறீங்க பாருங்க, தப்பு அங்கதான். டென்மார்க்ல 1909-க்கு அப்புறம் எந்தக் கட்சிக்கும் தனி மெஜாரிட்டி வந்ததே இல்ல, ஆனா நாடு நல்லாத்தான் நடக்குது. அங்க பிரதமரா வர்றவர் தனக்கு பாதிக்கு மேல ஆதரவு இருக்குன்னு காட்ட வேண்டியதில்ல, பாதிக்கு மேல எதிர்ப்பு இல்லன்னாலே போதும். அதனால ஒரு விஷயத்துக்கு ஒரு செட் கட்சிகளோட பேசி முடிப்பாங்க, இன்னொண்ணுக்கு வேற செட்டோட உக்காருவாங்க. எதிர்க்கட்சியும் அதுல கையெழுத்துப் போடும், அத யாரும் துரோகம்னு சொல்றதில்ல.

முடக்கம் எங்க வருதுன்னா, ஆட்சிய கவுக்கறதுக்கு தலை எண்ணி ஆள் இருக்கு, அமைக்கறதுக்கு இல்லங்கற இடத்துல. பிரான்ஸ எடுத்துக்கோங்க. 2024 தேர்தல்ல 577 சீட்டு சபை மூணா உடைஞ்சுது, எந்த அணிக்கும் 289 இல்ல. பிரதமர் பார்னியே சமூகப் பாதுகாப்பு பட்ஜெட்ட ஓட்டெடுப்பே இல்லாம, அவங்க அரசியல் சட்டத்துல இருக்கற 49.3-ங்கற பிரிவ வச்சு நிறைவேத்தப் பாத்தார், உடனே இடதுசாரிங்க நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர, அவங்கள ஜென்ம விரோதியா பாக்கற தீவிர வலதுசாரிங்களும் அதுக்கே ஓட்டுப் போட்டு, டிசம்பர் 4 அன்னிக்கு 331 ஓட்டுல ஆட்சி கவுந்துச்சு, வந்து முழுசா மூணு மாசம் ஆகல. அந்த 331 பேரும் சேந்து ஒரு பிரதமர் பேரச் சொல்வாங்களா? ஒரே ஒரு வரியப் பத்தி ஒத்துப்போவாங்களா? புது வருஷம் பட்ஜெட் இல்லாமலே பொறந்துச்சு. வரி வசூல் பண்ணவும் கடன் வாங்கவும் தனியா ஒரு சட்டம் போட்டு, போன வருஷ அளவுலயே செலவ ஓட்டுனாங்க, பிப்ரவரியிலதான் பட்ஜெட் வந்துச்சு. இப்படி ஓட்டும்போது கஜானா மூடாது, ஆனா புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க முடியாது, அதுக்காக காத்துட்டு இருந்தவன் காத்துட்டே இருப்பான், எனக்கு வயித்தெரிச்சலே அதுதான்.

ஜெர்மனிக்கு இது பட்ட பாடம். 1932 செப்டம்பர்ல நாஜிங்களும் கம்யூனிஸ்டுகளும் ஒரே பக்கம் ஓட்டுப் போட்டு 512-க்கு 42-ன்னு அப்ப ஆண்ட பாப்பன் அரசு மேல நம்பிக்கை இல்லன்னாங்க, அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு உலகத்துக்கே தெரியும். அதனால 1949 அரசியல் சட்டத்துல 67-வது பிரிவுன்னு ஒண்ணு வச்சாங்க: இருக்கற சான்சலர, அதாவது அவங்க பிரதமர, எறக்கணும்னா அடுத்தவர அதே ஓட்டுல நீங்களே தேர்ந்தெடுக்கணும். 1982-ல ஷ்மிட்ட எறக்கிட்டு கோல் வந்தது அப்படித்தான். ஸ்பெயின்லயும் இதே விதிதான், 2018-ல பிரதமர் ரஹோய எறக்கின அதே ஓட்டுலயே சான்செஸ் வந்துட்டார்.

போனஸ் சீட்டுக்கு பதிலா இந்த விதியக் கேளுங்க, நானும் கூட நிக்கறேன். ஆனா இது மட்டும் பட்ஜெட்ட பாஸ் பண்ணிக் கொடுக்காது, அதையும் சொல்லிடணும். 67-வது பிரிவு இருக்கும்போதே 2024 நவம்பர்ல ஜெர்மனியில பட்ஜெட் சண்டையில கூட்டணி உடைஞ்சு தேர்தலே முன்கூட்டி வந்துச்சு. அதனால ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட ஜெயிச்சா என்ன செய்வீங்கன்னு மட்டும் கேக்காதீங்க, மெஜாரிட்டி வரலன்னா யாரோட உக்காந்து பேசுவீங்க, எத விட்டுக்கொடுப்பீங்க, எத விடவே மாட்டீங்கன்னும் கேளுங்க. இதுக்கு பதில் சொல்லாம நழுவுறவங்களுக்கு நான் ஓட்டுப் போடறதில்ல.