கணினி கேள்வி பதில்: பிராசஸரை எதுவரை விரட்டலாம்?

கேள்வி: என்னிடம் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, பிராசஸரோடு வந்த கூலர். ஓவர்கிளாக் செய்து, அதாவது இயல்பு வேகத்தைத் தாண்டி, எல்லா கோர்களையும் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றலாம் என்கிறார்கள். எதுவரை போகலாம்? – வாசகர், மதுரை

அந்தக் கூலரை வைத்துக்கொண்டு எங்கும் போக வேண்டாம். ரெய்த் ஸ்டெல்த் என்ற அந்தக் கூலரில் ஹீட்பைப் (வெப்பத்தைக் கடத்தும் குழாய்) கிடையாது, வெறும் அலுமினியம்தான். இந்த 65 வாட் சிப் இயல்பாக ஓடும் வேகத்துக்கே அது சரியாகப் போய்விடும். அறை வெப்பம் 10 டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறக்குறைய அதே 10 கூடும். டிசம்பரில் 78 டிகிரியில் நின்றது உங்கள் ஊர் மே மாதத்தில் 90-ஐ நெருங்கும். சிப்பின் உச்ச வரம்போ 95. ஆகவே முதல் செலவு, 120 மி.மீ. ஃபேன் உள்ள ஒரு டவர் கூலர்.

கூலர் மாறியதும் எதையும் தொடாமல், பிராசஸரை முழு வேகத்தில் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளை 10 நிமிடம் ஓட்டுங்கள். அது தரும் ஸ்கோரையும், ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பம், எல்லா கோர்களும் ஓடும் வேகம் இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் பெரும்பாலும் 4.0-ஐ ஒட்டி இருக்கும். பிறகு பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) வோல்டேஜை 1.275 என நிலையாக வைத்து, ரேஷியோவை (இதை 100 மெகாஹெர்ட்ஸால் பெருக்கினால் வருவதுதான் வேகம்) 41-இல் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் 0.25 மட்டும், அதாவது 25 மெகாஹெர்ட்ஸ், ஏற்றி மறுபடி 10 நிமிடம் சோதியுங்கள். சோதனையில் கணினி நின்றுபோனால் 0.0125 வோல்ட் கூட்டுங்கள். லோட் லைன் காலிப்ரேஷனை, அதாவது லோட் ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் தாங்கும் அமைப்பை, நடுத்தர அளவில் விடுங்கள். உச்சத்தில் வைத்தால் லோட் சட்டென்று குறையும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும். ஸ்கிரீனே வராமல் போனால் பயப்பட வேண்டாம். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளை அழிக்கும் சிமாஸ் ஜம்பரின் (CMOS) இரண்டு பின்களைப் பத்து விநாடி சேர்த்துப் பிடித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எங்கே நிறுத்துவது? 85 டிகிரி அல்லது 1.325 வோல்ட், எது முதலில் வருகிறதோ அங்கே. இன்னொரு கணக்கும் இருக்கிறது, பலர் பார்க்காதது. இந்தச் சிப் ஒரே கோர் வேலை செய்யும்போது தானாகவே 4.2 வரை போகும். நீங்கள் எல்லா கோர்களையும் 4.1-இல் பூட்டினால் அந்த 4.2 போய்விடும், வீடியோ ரெண்டரிங் கொஞ்சம் வேகமாகும், அன்றாட வேலை மந்தமாகும். எனவே 1.325-க்குள் 4.2 எட்டாத சிப் என்றால் ஓவர்கிளாக்கையே விட்டுவிடுங்கள். 4.4-ஐப் பாதுகாப்பான வோல்டேஜில் தாங்கும் 3600 அபூர்வம்.

இந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.2 வோல்ட்டில் 4.0 ஓடும் சிப்பை 1.3 வோல்ட்டில் 4.2-க்குத் தள்ளினால் வேகம் 5%, வெப்பம் சுமார் 23% கூடும். ‘இயல்பு நிலையிலேயே 1.45 வோல்ட் காட்டுகிறதே’ என்று கேட்கலாம். அது ஒரு கோர் மட்டும் லேசாக ஓடும் நேரத்து எண். கரண்ட் அப்போது குறைவு. அதே 1.45-ஐ ஆறு கோர் முழு லோடில் நிரந்தரமாகக் கொடுத்தால் சிப் மெல்லத் தேய்ந்து, நேற்றுவரை தாங்கிய வேகத்தை இன்று தாங்காது. ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரன்டியும் இல்லை.

கேம்தான் நோக்கம் என்றால் ரேமைக் கவனியுங்கள். டிடிஆர்4 3600 வேகத்தில், இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கை (பிராசஸரின் பகுதிகளையும் ரேமையும் இணைக்கும் உள்வழி) 1800-இல் ரேமின் கடிகார வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக வைப்பது பல கேம்களில் இந்த 5 சதவீதத்தைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: கோர் ஐ5 12400, பி660 போர்டு. பயாஸில் மல்டிப்ளையரை (ரேஷியோ) ஏற்ற முடியவில்லையே? – வாசகர், ஈரோடு

முடியாது. இன்டெலில் பெயரின் கடைசியில் ‘கே’ இருக்கும் சிப்பும் இசட் வரிசை போர்டும் சேர்ந்தால்தான் மல்டிப்ளையர் திறக்கும். பவர் லிமிட்டைத் (சிப் எடுக்கும் மின்சாரத்தின் வரம்பு) தளர்த்துவதும் ரேமுக்கு எக்ஸ்எம்பி (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடுவதும் உங்கள் கையில் இருக்கின்றன.

கேள்வி: சினிபெஞ்ச் ஒரு மணி நேரம் ஓடுகிறது, கேம் திறந்தால் ரீஸ்டார்ட் ஆகிறது. ஏன்? – வாசகர், தஞ்சாவூர்

சினிபெஞ்சில் லோட் ஒரே சீராக இருக்கும். கேமில் அது நொடிக்கு நொடி ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்திலும் வோல்டேஜ் கணநேரம் சரியும். ரேமையும் சேர்த்து ஏற்றியிருந்தால் முதலில் அதை மட்டும் 2400-க்கு இறக்கிப் பாருங்கள். ரீஸ்டார்ட் ஆவது நின்றுவிட்டால் குற்றவாளி ரேம்தான். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ‘வியா லாகர்’ (WHEA-Logger) என்று பதிவாகும் வன்பொருள் பிழைகளைத் தேடுங்கள். ‘பிராசஸர் கோர்’ (Processor Core) என்று அதில் இருந்தால் 50 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். வோல்டேஜை ஏற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.